ரேக் பக்கம் போக முடியாத நாட்களில்: கல்லூரி நூலகத்தின் எந்த வழி எதற்கு?

கல்லூரி நூலகம் அடியோடு பூட்டிக் கிடப்பது அபூர்வம். பாதிக் கதவு திறந்திருக்கும் நாட்கள்தான் அதிகம். கோடையில் ஸ்டாக் வெரிஃபிகேஷன் எனும் புத்தகக் கணக்கெடுப்பு, இடையில் கட்டட வேலை, சில கல்லூரிகளுக்குத் தேர்தல். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு முடிந்தது, எண்ணிக்கையோ ஜூன் 4. சென்னையில் ராணி மேரி கல்லூரி, லயோலா கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் எண்ணும் மையங்கள். ஆறரை வாரம் இயந்திரங்கள் உள்ளே இருக்க, வாசலில் துப்பாக்கியோடு காவல். இப்படியான வளாகத்தில் மாணவர் நினைத்த நேரத்தில் நினைத்த பக்கம் நடந்துவிட முடியாது.

இந்த நாட்களில் வரும் அறிவிப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: படிப்பறை கிடையாது, ரேக் பக்கம் அனுமதி இல்லை, கவுண்டர் மட்டும் சில மணி நேரம். அதாவது, சீட்டு எழுதிக் கொடுத்தால் உள்ளேயிருந்து எடுத்துத் தரும் பழைய முறைக்கே திரும்புகிறோம். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், வாசகரை அலமாரி வரை விட வேண்டும் என்று எதை எதிர்த்து வாதாடினாரோ அதே முறை. இதில் நாம் இழப்பது ஒன்றுதான்: ஒரு புத்தகத்தைத் தேடிப் போய் பக்கத்துப் புத்தகத்தைக் கண்டெடுக்கும் வாய்ப்பு. வேண்டியது இன்னதென்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்தால் மற்றதெல்லாம் கிடைக்கும்.

கவுண்டர் சீட்டா, ஓபேக் ஹோல்டா?

பாடநூல் வேண்டும் என்றால் இந்த இரண்டில் ஒன்றுதான் வழி. ஓபேக் என்பது நூலகத்தின் இணையப் பட்டியல். கோஹா மென்பொருள் உள்ள கல்லூரியில் ஐடி கார்டு எண்ணோடு உள்ளே போய், புத்தகத்தைத் தேடி, ஹோல்ட் போடலாம், அதாவது நமக்காக எடுத்து வைக்கச் சொல்லலாம். அங்கே இரண்டு தேர்வுகள் காட்டும்: அடுத்துக் கிடைக்கும் பிரதி, குறிப்பிட்ட பிரதி. எப்போதும் முதலாவதையே தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டு பிரதிகள் இருக்கும் புத்தகத்தில் குறிப்பிட்ட ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு, அது யாரோ ஒருவர் வீட்டில் இருந்தால், மற்ற பதினொன்று ரேக்கில் சும்மா நிற்க நீங்கள் வரிசையில் காத்திருப்பீர்கள்.

ஹோல்ட் போட்டதோடு வேலை முடியவில்லை. எடுத்து வைத்த புத்தகத்தைக் கவுண்டரில் எத்தனை நாள் வைத்திருப்பது என்று மென்பொருளில் ஓர் அமைப்பு உண்டு. கோஹாவில் அது இயல்பாக 7 நாள். உங்கள் கல்லூரி அதைக் குறைத்திருக்கலாம். ‘ரெடி’ என்று மின்னஞ்சல் வந்த பிறகு போகலாம் என்று காத்திருப்பவர்கள், அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் கிடப்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, கார்டில் இடம் இருக்கிறதா என்பது. மூன்று புத்தகம் வரம்பு, மூன்றும் கையில் இருக்கிறது என்றால் ஹோல்ட் தயாராக இருந்தாலும் கவுண்டரில் இஷ்யூ ஆகாது. பழையதைக் கையோடு கொண்டு போங்கள்.

சீட்டு முறை பார்க்கப் பழசு, ஆனால் நெருக்கடி நாளில் வேகமானது. சீட்டை வாங்குபவர் ஒரு மனிதர் என்பதால் ‘ஐந்தாம் பதிப்பு இல்லையென்றால் நான்காவது போதும்’ என்று எழுத முடியும். ஹோல்டில் அது முடியாது. சீட்டில் எழுத வேண்டியவை: கால் நம்பர், ஆக்சஷன் நம்பர், ஆசிரியர், தலைப்பு, பதிப்பு. முதல் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. கால் நம்பர் புத்தகம் ரேக்கில் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும். ஒரே தலைப்பின் ஒரே பதிப்புக்கு எத்தனை பிரதி இருந்தாலும் பெரும்பாலும் அது ஒன்றுதான். ஆக்சஷன் நம்பர் ஒவ்வொரு பிரதிக்கும் தனி. ஆக்சஷன் நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்தால், எடுப்பவர் மறுபடி கணினியில் தட்டிப் பார்த்துத்தான் ரேக்குக்குப் போக வேண்டும். வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது உங்கள் சீட்டு அடியில் போவது அதனால்தான்.

கால் நம்பரை ஒரு புள்ளிகூட விடாமல் எழுதுங்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி வரிசையில் புள்ளியியல் 519.5, நிகழ்தகவு 519.2. இதில் 519.24 என்ற புத்தகம் 519.5க்கு முன்னால்தான் நிற்கும், ஏனென்றால் புள்ளிக்குப் பின் வருவது தசமம். ‘இருபத்து நான்கு ஐந்தைவிடப் பெரிசுதானே’ என்று தற்காலிகப் பணியாளர் அடுத்த ரேக்கில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று திரும்புவது சகஜம். அப்படி ‘இல்லை’ என்று வந்தால், ஓபேக்கில் இருப்பிடம் என்ற கட்டத்தைப் பாருங்கள். துறை நூலகம் என்று இருந்தால் மைய நூலகக் கவுண்டரால் எதுவும் செய்ய முடியாது, துறையைத்தான் கேட்க வேண்டும். ‘அவைலபிள்’ என்று காட்டியும் கிடைக்கவில்லை என்றால், ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்காகக் கீழே இறக்கி வைத்த அடுக்கிலோ, ரேக்குக்குத் திரும்பாமல் மேசையில் கிடக்கும் குவியலிலோ இருக்கிறது என்று பொருள். மறுநாள் அதே சீட்டைக் கொடுத்துப் பாருங்கள்.

எங்கள் கணிப்பு: ஒரு வாரம் பொறுக்கலாம் என்றால் ஹோல்ட், நாளைக்கே வேண்டும் என்றால் முதல் நாளே கொடுத்த சீட்டு.

முழுப் புத்தகமா, ஒரு அத்தியாயத்தின் ஸ்கேனா?

ரெஃபரன்ஸ் புத்தகங்களும், பழைய இதழ்களைச் சேர்த்துக் கட்டிய பவுண்ட் வால்யூம்களும் வெளியே போகாது. படிப்பறை மூடியிருக்கும்போது ஸ்கேன்தான் மிச்சம். ‘காப்பிரைட் பிரச்சினை’ என்று சொல்லிச் சில இடங்களில் தயங்குவார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்குமான நியாயமான பயன்பாட்டையும், கற்பித்தலின் போக்கில் எடுக்கும் நகலையும் விலக்கி வைத்திருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் பாடத்திட்டத்துக்கான நகல்களுக்கு ஆதரவாகவே பேசியது. அதற்காக முழுப் புத்தகத்தையும் பி.டி.எஃப். கேட்கக் கூடாது. ஓர் அத்தியாயம், ஒரு கட்டுரை என்று கேட்டால் மறுக்கக் காரணம் குறைவு.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘மூன்றாம் யூனிட் வேண்டும்’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. யூனிட் என்பது உங்கள் சிலபஸில் உள்ளது, புத்தகத்தில் இல்லை. அத்தியாயத்தின் பெயர், பதிப்பு, பக்க எண்கள் மூன்றும் வேண்டும். பதிப்பு மாறினால் பக்கமும் மாறும். அத்தியாயப் பெயர் இருந்தால் அந்தப் பிழையை ஸ்கேன் செய்பவரே திருத்திவிடுவார். பக்க எண் தெரியவில்லையா? முதலில் உள்ளடக்கப் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். இரண்டு மின்னஞ்சல் ஆனாலும் ஒரு வாரம் மிச்சம்.

கெடுவது எங்கே என்றால், தடித்த பவுண்ட் வால்யூமின் நடு மடிப்பில். உள்பக்க ஓரத்துச் சொற்கள் இருட்டில் போய்விடும். ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக, 300 டி.பி.ஐ.யில், கறுப்பு வெள்ளையில் எடுக்கச் சொல்லுங்கள். வண்ணத்தில் எடுத்த நாற்பது பக்கம் மின்னஞ்சலின் அளவு வரம்பைத் தாண்டிவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பலாம், உங்களுக்குத் தகவலே வராது.

டெல்நெட் போன்ற நூலகக் கூட்டமைப்பு வழியாக வேறு ஊரிலிருந்து புத்தகம் வரவழைப்பதும் ஒரு வழிதான். ஆனால் கல்லூரி அதில் உறுப்பினராக இருக்க வேண்டும், நூலகர்தான் கேட்க முடியும், கூரியரில் வந்து கூரியரில் போக வேண்டும். பாதிப் பேர் விடுப்பில் இருக்கும் காலத்தில் இதை நம்பித் தேர்வுக்குத் தயாராகாதீர்கள்.

வீட்டிலிருந்து: என்-லிஸ்ட்டும் மற்றவையும்

இங்கேதான் அதிக ஏமாற்றம். ‘எல்லாம் ஆன்லைனில் இருக்கு’ என்ற பேச்சில் நான்கு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன.

என்-லிஸ்ட் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக நடத்துவது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்விதழ்கள், லட்சக்கணக்கில் மின்னூல்கள். கல்லூரி சந்தா கட்டியிருந்தால் ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பயனர் பெயர் உண்டு. ஆனால் அதை உருவாக்கித் தர வேண்டியவர் கல்லூரி நூலகர். கதவு மூடிய பிறகு அவரைப் பிடிப்பது கஷ்டம் என்பதால், கணக்கு இல்லாதவர்கள் அறிவிப்பு வந்த அன்றே பெயர், துறை, கல்லூரி மின்னஞ்சல் மூன்றையும் அனுப்பிவிட வேண்டும். உள்ளே போன பிறகு பலர் செய்யும் தவறு, கூகுளில் கட்டுரையைத் தேடி நேராகப் பதிப்பகத் தளத்துக்குப் போவது. அங்கே பணம் கேட்கும். நீங்கள் சந்தாதாரர் என்று அந்தத் தளத்துக்குத் தெரியாது. என்-லிஸ்ட் பக்கத்திலிருந்து இணைப்பைப் பிடித்துப் போங்கள், அல்லது பதிப்பகத் தளத்தில் ‘நிறுவனம் வழியாக உள்நுழைக’ என்பதைச் சொடுக்குங்கள். பட்டியலில் கல்லூரிப் பெயர் வராவிட்டால் இன்ஃப்ளிப்நெட் என்று தேடிப் பாருங்கள்.

டவுன்லோட் மேனேஜர் வைத்து ஓர் இதழின் முழுத் தொகுதியையும் இறக்குவது வேண்டாம். பதிப்பகங்கள் அதைக் கண்காணிக்கின்றன. ஒருவர் செய்த வேலைக்குக் கல்லூரி முழுவதற்கும் அணுகல் நிற்கலாம்.

2025 ஜனவரி 1இல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ இதைவிடப் பெரியது: 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். ஆனால் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கானது. சுயநிதிக் கல்லூரி மாணவர்கள் இதை எண்ணிக் காத்திருக்க வேண்டாம். அரசுக் கல்லூரியில் இருப்பவர்களும் வளாகத்துக்குள் ஐ.பி. முகவரியால் தானாகத் திறப்பது வீட்டில் திறக்காது என்பதை நினைவில் வைத்து, வெளியிலிருந்து உள்நுழையும் கணக்கை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். இரண்டிலுமே இளநிலை மாணவருக்கு ஒரு குறை உண்டு. ஆய்விதழ் மலைபோல் இருக்கும், சிலபஸில் உள்ள உள்ளூர்ப் பதிப்பகத்துப் பாடநூல் இருக்காது.

ஐ.ஐ.டி. கரக்பூர் உருவாக்கிய தேசிய எண்ம நூலகத்தில், அதாவது என்.டி.எல்.ஐ.யில், யாரும் இலவசமாகப் பதிவு செய்யலாம். ஆனால் அது நூலகம் என்பதைவிடப் பெரிய பட்டியல். தேடினால் வருவதில் பல வேறு தளங்களுக்குத் தள்ளிவிடும், சில அங்கேயும் சந்தா கேட்கும். பழைய வினாத்தாள், விரிவுரை, பள்ளிப் பாடநூல் போன்றவற்றுக்கு நல்லது. குறிப்பிட்ட ஒரு புத்தகத்தைத் தேட இதை முதலில் திறக்காதீர்கள்.

ஷோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம். உள்நுழைவே வேண்டாம். ஆய்வேடு ஒரே கோப்பாக இல்லாமல் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிந்திருக்கும். முதலில் கடைசியில் உள்ள துணைநூற்பட்டியல் கோப்பைத் திறங்கள். உங்கள் தலைப்பில் யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்பது அங்கே தொகுத்துக் கிடைக்கும். ரேக்கில் பக்கத்துப் புத்தகத்தைப் பார்ப்பதற்கு இணையத்தில் இதைவிட நெருங்கிய மாற்று இல்லை. தமிழ் ஆய்வேடுகளில் ஒரு தொல்லை: பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டவை நகலெடுத்து ஒட்டினால் புரியாத எழுத்தாக வரும், ஸ்கேன் செய்தவை தேடலில் அகப்படாது. தலைப்பைத் தமிழிலும் ஆங்கில ஒலிபெயர்ப்பிலும் தேடுங்கள். பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இதையெல்லாம்விட மேல்.

உட்கார ஓர் இடம்

சிலருக்குப் புத்தகம் கையில் இருக்கிறது, வேண்டியது மின்விசிறியும் மேசையும் அமைதியும்தான். சென்னை என்றால் கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு. எழும்பூர் கன்னிமாரா 1896இல் திறந்தது. நூல் ஒப்படைப்புச் சட்டப்படி நாடெங்கும் வெளியாகும் நூல்கள் வந்துசேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. அச்சில் இல்லாத புத்தகத்துக்கு அங்கேதான் போக வேண்டும். மதுரையில் 2023 ஜூலையிலிருந்து கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. எங்கே போனாலும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையிலேயே நாற்காலியைப் பிடித்துவிடுவார்கள், திறக்கும் நேரத்துக்கே போங்கள். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை ஞாயிறு அல்ல, பெரும்பாலும் வெள்ளி.

திருப்பிக் கொடுப்பது

கவுண்டரில் நேரில் கொடுப்பது, வாசலில் உள்ள டிராப் பெட்டியில் போடுவது, ஓபேக்கில் ரினியூ செய்வது என மூன்று வழிகள். ரினியூதான் சுலபம், ஆனால் வேறொருவர் அதே புத்தகத்துக்கு ஹோல்ட் போட்டிருந்தால் நடக்காது. ஃபைன் பாக்கி வரம்பைத் தாண்டியிருந்தாலும் நடக்காது. டியூ தேதிக்கு இரண்டு நாள் முன்பே முயன்றால் மாற்று வழிக்கு நேரம் இருக்கும்.

நூலகம் மூடிய நாட்களுக்கு ஃபைன் ஏறாது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். விடுமுறை நாட்களை மென்பொருளின் நாட்காட்டியில் யாராவது பதிந்தால்தான் அவை கணக்கில் தவிர்க்கப்படும். திடீரென்று மூடிய நாட்கள் பதியப்படாமல் போவது உண்டு. அறிவிப்பைப் படம் எடுத்து வைத்திருந்தால் கவுண்டரில் பேச்சே வேண்டாம்.

டிராப் பெட்டியில் போட்ட புத்தகம் அன்றே கணக்கில் வராது. பெட்டியைத் திறந்து பார்கோடு வாசிக்கும் நாள்தான் திருப்பிய நாளாகப் பதியும். அதற்காகவே கோஹாவில் டிராப் பெட்டிக்கான தனி முறை இருக்கிறது, அதில் முந்தைய வேலை நாளின் தேதி விழும். அதை இயக்கச் சொல்லிக் கேளுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் போடுவதற்கு முன் புத்தகத்தின் ஆக்சஷன் நம்பர் தெரியும்படி ஒரு படம், சில நாள் கழித்து ஓபேக் கணக்கில் கையிருப்பு பூஜ்யம் என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட் ஒன்று, இரண்டையும் வைத்திருங்கள். பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூ கையெழுத்துக்குப் போகும்போது எடுத்துக் காட்ட இவை போதும்.