அரிசிப் பையின் முகப்புக்குத் தூரிகை எழுத்தா, தடித்த எழுத்தா?

கிளிநொச்சியின் முரசுமோட்டையில் மழைக்காலப் போகமான காலபோகத்தில் விளைந்த மொட்டைக்கறுப்பன் அரிசியை 5 கிலோ துணிப் பைகளில் இட்டு விற்கத் தொடங்கியபோது, அதன் பெயரை எந்த எழுத்துருவில் அச்சிடுவது என்று வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது. கடைசியில் இரண்டு எஞ்சின. ஒன்று, மும்பையின் ஏக் டைப் குழுவினர் வடிவமைத்த, முனைகள் உருண்ட, தடித்த ‘பலூ தம்பி’. மற்றையது, காய்ந்த தூரிகையால் இழுத்தது போல ஓரங்கள் பிசிறி, கோட்டின் நடுவே வெள்ளைக் கீற்றுகள் ஓடும் ஒரு தூரிகை எழுத்துரு. நாங்கள் தூரிகையையே எடுத்தோம்.

பலூ தம்பி தெளிவானது, இலவசமானது, இன்றைய பொதுக் குறிமுறையான யுனிகோடில் இயங்குவது. எங்கள் தூரிகை எழுத்துருவோ பாமினி என்ற பழைய குறிமுறையிலானது. வாட்ஸ்அப்பில் யுனிகோடில் வந்த சொல்லையும் அதற்கு மாற்றித்தான் போடவேண்டும்.

ஆயினும் துணிதான் தீர்ப்பைச் சொன்னது. திரை அச்சில், சொரசொரப்பான பருத்தியின் இழைமேடுகளில் பிடிக்கும் மை இடுக்குகளில் சரியாக இறங்குவதில்லை. நிறம் முழுதாக நிரம்பவேண்டிய தடித்த எழுத்தில் இப்படி விடுபட்ட இடமெல்லாம் அச்சுப் பிழையாகவே தெரிகிறது; தூரிகை எழுத்தில் அது இன்னொரு கீற்றாகிக் கலந்துவிடுகிறது. மேலும், எங்கள் பக்கத்தில் நல்ல பையை ஒருமுறையோடு எறிபவர் இல்லை. அரிசி முடிந்தால் உழுந்து போடுவார்கள், சந்தைக்குக் கொண்டுபோவார்கள், கிணற்றடியில் தோய்த்து வேலியில் காயப்போடுவார்கள். மாதிரிப் பைகள் இரண்டையும் பலமுறை தோய்த்துப் பார்த்தோம்: இரண்டிலும் மை ஒரே அளவில்தான் உதிர்ந்தது, ஆனால் தடித்த எழுத்து பழுதடைந்தது போலவும், தூரிகை எழுத்து முதலிலிருந்தே அப்படி எழுதப்பட்டது போலவும் இருந்தன. கருஞ்சிவப்பு மையில் மட்டுமே பார்த்திருக்கிறோம் என்பதால், வெளிர்நிற மைக்கும் இதையே உறுதியாகச் சொல்லமாட்டேன்.

தூரிகையை எடுப்பவர்கள் புள்ளியைக் கவனிக்கவேண்டும். தமிழில் எழுத்தின் தலைமேல் விழும் ஒரு துளி மெய்யெழுத்தின் அடையாளம். எங்கள் எழுத்துருவில் ‘ப’வின் மேல் அழகுக்காகத் தெறிக்கவிட்டிருந்த துளி அதை ‘ப்’ என்று வாசிக்க வைத்தது. அதோடு, மொட்டைக்கறுப்பனில் ‘ட்டை’, ‘க்க’, ‘ப்ப’ என மூன்று இரட்டிப்புகள் வருகின்றன. ஒரே இடத்தில் ஒரே கீற்றோடு இரண்டு எழுத்துகள் அருகருகே நின்றால், கையால் எழுதிய தோற்றம் அந்தக் கணமே கலைந்துவிடும். ஆகவே சொல்லைத் திருத்தக்கூடிய கோட்டுருவாக (outline) மாற்றி, துளிகளை அழித்து, ஒவ்வொரு சோடியிலும் இரண்டாவது எழுத்தின் கீற்றுகளை மாற்றி அமைத்தோம். ஒன்பதே எழுத்துகள் என்பதால் அது ஒரு மாலை வேலையோடு முடிந்தது.

பையின் பின்புறத்தில் எடையையும் ஊறவைக்கும் முறையையும் சிறிய எழுத்தில் அச்சிடத் தூரிகை உதவாது. ‘ண’, ‘ன’ ஆகியவற்றின் சுழிகளில் மை அடைத்து இரண்டும் ஒன்றுபோலாகிவிடும். ஆட்டோக் கண்ணாடிக்கு ஒட்டுத்தாள் வெட்டுவதற்கும் அது பொருந்தவில்லை. வெட்டும் இயந்திரம் ஒவ்வொரு பிசிறையும் தனித்துண்டாக வெட்ட, அவற்றை ஊசியால் கிள்ளி எடுப்பதிலேயே பொழுது போகிறது. அங்கே பலூ தம்பியைத்தான் ஒட்டியிருக்கிறோம்.