கேமராவை எங்கே பிரிப்பது?

பல ஆண்டுகள் உழைக்கும் டிஜிட்டல் கேமராவைக் கழற்றி மாட்டும் பாகங்களாகச் செய்வதென்றால், முதலில் முடிவெடுக்க வேண்டியது அதை எந்த இடத்தில் பிரிப்பது என்பதைத்தான். நல்ல லென்ஸ் அரை நூற்றாண்டு தாங்கும். ஒளியைப் படமாக்கும் சென்சாரும் சிப்பும் பத்தாண்டில் பழசாகிவிடும். பேட்டரி அதற்கும் முன்பே உப்பிவிடும். பினாங்கில் ஈரக்காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: பையிலேயே கிடக்கும் லென்ஸுக்குள் வெள்ளை இழைகளாகப் பூஞ்சை படர்ந்து, முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும்.

ரிக்கோ நிறுவனம் 2009இல் கொண்டுவந்த ஜிஎக்ஸ்ஆர் கேமரா, லென்ஸையும் சென்சாரையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தது. திரை, பொத்தான்கள், பேட்டரி எல்லாம் உடலில். பெட்டி பக்கவாட்டில் நழுவி உட்காரும். சென்சாரில் தூசி படியாது. தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், தேங்காய் சிதறும் சாலையோரம் நின்று லென்ஸ் மாற்றியவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் சென்சார் பழசானால் பழுதில்லாத லென்ஸும் கூடவே போகிறது. டயர் தேய்ந்ததற்கு எஞ்சினையும் தூக்கிப் போடுவதைப் போன்றது இது. 2012க்குப் பிறகு புதிய பெட்டியும் வரவில்லை.

ஹாஸல்பிளாட் நிறுவனம் பிரித்தது வேறு இடத்தில். 1957இல் வந்த 500சி கேமராவில் ஃபிலிம் பெட்டி பின்புறம் தனியாகக் கழன்று வரும். கீழே உள்ள கொக்கிகளில் அமர்த்தி, மேலே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். இன்று அதே இடத்தில் சிஎஃப்வி டிஜிட்டல் பெட்டியை மாட்டலாம். உடலில் பேட்டரியே கிடையாது. ஷட்டர் லென்ஸுக்குள் சுருள்வில்லால் இயங்குகிறது. அந்தக் கேமராவை வடிவமைத்தவர்கள் டிஜிட்டலைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். பிரித்த இடம் சரியாக இருந்ததால் கேமரா பிழைத்துக்கொண்டது. குறைகளும் உண்டு. 50 மெகாபிக்சல் பெட்டியின் சென்சார் சுமார் 44க்கு 33 மில்லிமீட்டர்தான். ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியது என்பதால் அகலக் கோண லென்ஸ் தன் அகலத்தை இழக்கிறது. விலையோ நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது.

விலையில் நேர் எதிர், ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியோடு இணைக்க 2020இல் 50 டாலருக்கு வந்த உயர்தர கேமராப் பலகை. 12.3 மெகாபிக்சல் சோனி சென்சார், லென்ஸைத் திருகி மாட்டும் சி மவுண்ட் வளையம். பழைய 16 மில்லிமீட்டர் சினிமா லென்ஸ்களை அதில் மாட்டலாம். இயக்கும் மென்பொருளை யாரும் திறந்து திருத்தலாம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் சர்க்கியூட் பலகையோடு பழகிய கைகள் நம்மிடையே ஏராளம். அவர்களால் இதைப் பழுதுபார்க்க முடியும். இருந்தும் இதை அப்படியே வெளியே எடுத்துச் செல்ல மனம் வராது. பலகையைக் கணினியோடு இணைக்கும் நாடா வடத்தைப் பிடித்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாழ். அடிக்கடி கழற்றி மாட்ட அது தாங்காது. பலகை வேறு திறந்தே கிடக்கிறது, நம் காற்றில்.

ஆகவே என் தேர்வு ஹாஸல்பிளாட் பிரித்த இடம். ராஸ்பெர்ரி பையிடமிருந்து எடுத்துக்கொள்வது அந்தத் திறந்த மென்பொருளை. சென்சாரும் சிப்பும் ஈரம் புகாத பின்பெட்டியில் இருக்கட்டும். அதன் இணைப்பு வரைபடத்தை வெளியிட்டால் எவரும் அடுத்த பெட்டியைச் செய்யலாம். திரை வேண்டாம். 2016இல் லைக்கா எம்-டி திரையில்லாமலே விற்பனைக்கு வந்தது. பேட்டரி டபுள் ஏ ஆக இருக்க வேண்டும். ஜிஎக்ஸ்ஆர் வந்த அதே ஆண்டில் பென்டாக்ஸ் கே-எக்ஸ் நான்கு டபுள் ஏ பேட்டரிகளில் ஓடியது. அவை இன்றும் மளிகைக் கடையில் கிடைக்கின்றன.