சியாங் மாயில் ஓய்வுக்காலம்: மலை சலிக்கவில்லை, மார்ச்தான் தாங்கவில்லை

"அண்ணே, வீவக வீட்டை வித்துட்டு நாங்களும் சியாங் மாய்க்கே வந்துடலாம்னு பாக்குறோம். உண்மையச் சொல்லுங்க, வருஷக்கணக்கா இருந்தா போரடிச்சிடுமா?"

சிங்கப்பூரில் என்னோடு மலையேற்றப் பயிற்சி செய்த நண்பர் கேட்டது. வீவக என்பது அங்கே அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். சியாங் மாய், ஓய்வுபெற்றபின் நாங்கள் குடியேறிய வட தாய்லாந்து ஊர். நல்ல கேள்விதான், வந்த நேரம்தான் சரியில்லை. ஏப்ரல் தொடக்கம். காற்றுச் சுத்திகரிப்பானின் வடிகட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளையாக வாங்கி மாட்டியது, மார்ச் மாதப் புகையில் கரித்துணியாக வெளியே வந்தது. ஆகவே இதைப் படிக்கிறவர்கள் என் எரிச்சலில் பாதியைக் கழித்துவிட்டுப் படிக்கலாம். மீதிப் பாதி நியாயமானது.

விசா விவரங்களை நான் விளக்கப்போவதில்லை. ஐம்பது வயது, தாய்லாந்து வங்கியில் 800,000 பாட், ஆண்டுக்கொரு முறை 1,900 பாட் கட்டி நீட்டிப்பு, தொண்ணூறு நாளுக்கொரு முறை 'இங்கேதான் இருக்கிறேன்' என்று ஓர் அறிவிப்பு. யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். நிலம் நம் பெயரில் வாங்க முடியாது, அடுக்குமாடி வீடென்றால் வாங்கலாம். 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரிக் கணக்கில் வரும். கொஞ்சம் தலைவலிதான், ஆனால் தாளும் பேனாவும் கொண்டு தீர்க்கக்கூடிய தலைவலி.

எதற்காக இங்கே வந்தோம் என்பதைச் சொன்னால்தான் கோபத்தின் அளவு புரியும். சிங்கப்பூரில் எங்கள் மலை புக்கிட் தீமா. உயரம் 163 மீட்டர். முதுகுப்பையில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு அதே படிகளில் ஏறி இறங்கி, இறங்கி ஏறி, மலேசியாவின் கினபாலு மலைக்குத் தயாராகும் கூட்டம் சனிக்கிழமைகளில் அங்கே நிற்கும். நாங்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தோம். வேலை முடிந்ததும் சன்னலைத் திறந்தால் மலை தெரிகிற ஊரில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நடந்து போகிற தூரத்தில் காய்கறிச் சந்தையும் அவசரத்துக்கு மருத்துவமனையும் வேண்டும் என்பது என் மனைவியின் நிபந்தனை. இரண்டுக்கும் ஒத்துவந்த ஊர் இது. ஏறத்தாழ 1,676 மீட்டர் உயர டோய் சுதேப் மலை, ஊரின் மேற்கு ஓரத்தில் சுவர் எழுப்பியதுபோல் நிற்கிறது.

முதலில் மலைக்குச் சேர வேண்டியதை மலைக்குக் கொடுத்துவிடுகிறேன். பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் சுதேப் சாலை முடியும் இடத்தில் ஒற்றையடிப்பாதை ஒன்று தொடங்குகிறது. வழி தெரிய மரங்களில் காவித் துணி கட்டியிருப்பார்கள். மேலே வாட் பா லாட் என்ற பழைய மடம், ஓடைக்கரையில் பாசி பிடித்த கற்களோடு. அதற்கும் மேலே ஏறினால் பெரிய கோயில். 1935இல் குருபா சீவிசாய் என்ற துறவி ஊர் மக்களைத் திரட்டி, சில மாதங்களிலேயே மலைச்சாலையைப் போட்டு முடித்தார். அதற்கு முன் எல்லாரும் நடந்துதான் போனார்கள். அடிவாரத்தில் அவர் சிலைக்கு இன்றைக்கும் பூவும் மெழுகுவர்த்தியும் குறைவதில்லை. நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவர் போட்ட சாலையைப் பயன்படுத்தாமல் பாதை வழியாக ஏறுகிறேன்.

இந்தப் பாதை எனக்கு இன்னும் சலிக்கவில்லை, சலிக்காததற்குக் காரணமும் இருக்கிறது. கீழே வறண்ட இலையுதிர் காடு. ஜனவரியில் நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் சருகு நொறுங்கும், ஒரு ஓணான் ஓடினாலும் காட்டுப்பன்றியோ என்று திரும்பிப் பார்ப்போம். ஆயிரம் மீட்டரைத் தாண்டினால் காடே மாறி, எப்போதும் பச்சையாக, ஈரமாக, அங்கங்கே ஊசியிலை மரங்களோடு இருக்கும். ஜூனில் அதே கீழ்க்காட்டுக்குள் போனால் வழி தெரியாத அளவுக்குப் புல், வண்ண வண்ணக் காளான், சறுக்குகிற களிமண். ஒரே பாதைதான், ஆனால் ஆண்டில் மூன்று காடுகளைப் பார்த்துவிடலாம். நாட்டிலேயே உயரமான டோய் இந்தனோனுக்கு (2,565 மீட்டர்) டிசம்பரில் விடியுமுன் போனால் புல் நுனியில் உறைபனியே கிடைக்கும். அங்கே கியூ மே பான் நடைபாதையை ஜூன் முதல் அக்டோபர் வரை மூடிவிடுவார்கள், காடு தேறட்டும் என்று. டோய் லுவாங் சியாங் டாவோவுக்குக் குளிர்காலத்தில் மட்டும், அதுவும் முன் அனுமதி பெற்றுத்தான் ஏற முடியும். கேட்ட நேரத்திலெல்லாம் கிடைக்காத மலை எப்படிச் சலிக்கும்?

சலிப்பு என்று ஒன்று உண்டென்றால் அது விருந்தாளிகளோடு வருகிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை சிங்கப்பூரிலிருந்து ஆள் மாற்றி ஆள். எல்லாருக்கும் அதே பெரிய கோயில், அதே முந்நூற்றுச் சொச்சம் நாகப்படி, அதே தங்கக் கூம்பின் முன் அதே படம். மூன்றாவது விருந்தாளியோடு நான் படியேறுவதை நிறுத்தி, கீழே கடையில் உட்கார்ந்து இளநீர் குடிக்கத் தொடங்கிவிட்டேன். வருகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உளுந்து கொண்டுவருகிறீர்கள், அதற்காகவே மன்னித்துவிடுகிறோம். நல்ல உளுந்து இன்னும் சிங்கப்பூர் தேக்கா சந்தையிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

என் மனைவிக்கு நேர்ந்தது வேறு. மலைக்காக வந்தவள் இல்லை அவள். வரோரோட் சந்தையில் முருங்கைக்காயைக் கண்டதும் அவளுக்கு ஊர் பிடித்துப்போனது. இங்கேயும் புளி ஊற்றி முருங்கைக்காய்க் குழம்பு வைக்கிறார்கள், கேங் சோம் என்று. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் அவளுக்கும் பொதுவான மொழி கிடையாது, ஆனால் வாழைப்பூவை எப்படி ஆய்வது என்பதில் அரைமணி நேரம் சண்டை போடுகிறார்கள். நான் முறையாக வகுப்புக்குப் போய் 44 மெய்யெழுத்தும் ஐந்து தொனியும் படித்தவன். தாய்லாந்து எழுத்து கெமர் எழுத்து வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து வந்ததாம். அதற்காக எனக்கு ஒரு சலுகையும் கிடைக்கவில்லை. கடைக்காரர் என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு மனைவியைத்தான் பார்க்கிறார்.

சரி, புகைக்கு வருவோம். இதைச் சொல்லத்தானே உட்கார்ந்தேன்.

பிப்ரவரியில் தேக்கு இலை கொட்டும்போது ஒரு நாள் மாலை லேசாக வாடை வரும். யாரோ தோட்டக் குப்பையை எரிக்கிறார்கள் என்று முதல் ஆண்டு நினைப்போம். பிறகு சூரியன் நண்பகலிலேயே செம்மஞ்சளாகத் தெரியும். மார்ச்சில் மலை காணாமல் போகும். மறைப்பது மேகம் என்றால் மழை வரும், நகர்ந்துவிடும். இது நகராது. ஊர் கிண்ணம்போல் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ள, கீழே புகை அப்படியே தங்கிவிடும். உலகில் இன்றைக்கு மிக மாசடைந்த நகரம் எது என்ற பட்டியலில் நம் ஊர் முதலிடத்தில் வருகிற நாள்கள் உண்டு. காலையில் எழுந்ததும் செய்தி பார்ப்பவர்கள் மற்ற ஊர்களில் இருக்கலாம், இங்கே நுண்துகள் அளவைத்தான் பார்க்கிறோம். ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம், தாய்லாந்தின் வரம்பு 2023 முதல் 37.5. மார்ச்சில் மூன்று இலக்கத்தில் எண் நின்றால் இரண்டுமே கேலியாகத்தான் தெரியும்.

சிங்கப்பூர்க்காரர்கள் உடனே 2013 ஜூனைச் சொல்வார்கள். புகைமூட்டக் குறியீடு 401ஐத் தொட்டது, நானும் அங்கேதான் முகக்கவசத்துக்கு வரிசையில் நின்றேன். ஆனால் அது சில நாள் கூத்து, காற்று திசை மாறியதும் போய்விட்டது. இங்கே இது ஒரு பருவம். கோடை, மழை, குளிர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததற்கு நடுவில் யாரும் சொல்லித்தராத பருவம். வாடகை வீட்டு முகவர்கள் போடும் படங்களில் அது இருக்கவே இருக்காது. எல்லாப் படமும் நவம்பரில் எடுத்தது.

யாரைத் திட்டுவது என்பதில்தான் சிக்கல். காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார ஓய்வூதியர்கள் மலைக்கிராமத்தானைத் திட்டுவார்கள். சரிவில் மக்காச்சோளம் போடுகிறான், அறுத்தபின் தட்டையை எரிக்கிறான், உண்மைதான். இயந்திரம் ஏறாத சரிவில் வேறென்ன செய்வான் என்று கேட்டால் பதில் இல்லை. அந்தச் சோளம் கோழித்தீவனத்துக்குப் போகிறது. திட்டிக்கொண்டிருப்பவர் தட்டில் இருப்பது வறுத்த கோழி. காட்டுத் தரையில் தீ வைப்பவர்களும் உண்டு: முதல் மழைக்கு மண்ணிலிருந்து உருண்டையாக ஒரு காளான் கிளம்பும், தீ பட்ட இடத்தில் அதிகம் முளைக்கும் என்ற நம்பிக்கை, சருகு இல்லாத தரையில் கண்டுபிடிப்பதும் சுலபம், பருவத் தொடக்கத்தில் நல்ல விலை. இதற்கு மேல் மியன்மாரிலிருந்தும் லாவோஸிலிருந்தும் எல்லை தாண்டி வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் எரிக்கத் தடை போடுகிறார்கள், ஒவ்வோர் ஆண்டும் எரிகிறது. 2024 ஜனவரியில் சியாங் மாய் நிர்வாக நீதிமன்றம், 90 நாளுக்குள் அவசரத் திட்டம் கொண்டுவாருங்கள் என்று அரசுக்கு உத்தரவே போட்டது. எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது மகிழ்ச்சி. அந்த ஆண்டு மார்ச்சிலும் மலை தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். எங்களிடம் சுத்திகரிப்பான் இருக்கிறது, சன்னல் இடுக்கில் ஒட்டும் நாடா இருக்கிறது, முடியாவிட்டால் தெற்கே கடற்கரைக்கு ஓடிவிடக் கையில் காசு இருக்கிறது. மனைவிக்குக் கீரை விற்கும் அம்மா விடியற்காலை நான்கு மணியிலிருந்து அதே காற்றில் உட்கார்ந்திருக்கிறார். காட்டுத் தீயை அணைக்கப் போகிறவர்கள் முதுகில் ஊதுகுழல் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு ஏறுகிறார்கள். அவர்கள் புலம்பி நான் கேட்டதில்லை. நான் புலம்பி அவர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் புலம்புவேன். காரணம், நண்பர் கேட்ட சலிப்பு இங்கேதான் இருக்கிறது. வெளியில் நடப்பதற்காகவே நாடு மாறி வந்தவன், சன்னலை மூடிக்கொண்டு ஒரு அறையில் இயந்திரத்தின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதற்குச் சிங்கப்பூரில் ஜூரோங்கிலேயே இருந்திருக்கலாம், பேரப்பிள்ளைகளாவது வந்துபோவார்கள். புத்தகம் படிக்கலாமே, பொழுதுபோக்கு ஏதாவது வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்றாலும் ஓய்வு விசாவில் வேலை செய்யக்கூடாது, சம்பளமில்லாத் தொண்டு வேலைக்கே அனுமதிச் சீட்டு கேட்பார்கள். மாலை நடைக்கு ஆங் கேயோ ஏரிக்கரைக்குப் போகலாம் என்றால் எதிர்க்கரை தெரியாது. பலர் மார்ச், ஏப்ரலுக்குக் கடலோரம் இன்னொரு வீடு எடுக்கிறார்கள். இரண்டு வாடகை கொடுத்தால், செலவு குறைவென்று இங்கே வந்த கணக்கு என்னாவது? மனைவி மட்டும் இதை வேறு மாதிரிப் பார்க்கிறாள். "புகை வந்தாத்தான் நீங்க வீட்டுல தங்குறீங்க" என்கிறாள். பாராட்டா குறையா என்று இன்னும் கேட்டுத் தெளியவில்லை.

ஏப்ரல் நடுவில் சோங்க்ரான், தாய்லாந்துப் புத்தாண்டு. நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வரும். அகழியிலிருந்து தண்ணீரை வாளி வாளியாக மொண்டு ஊரே ஊற்றிக்கொள்ளும், புகைக்கு நடுவிலேயே. அதற்குப் பிறகு ஏதோ ஒரு நாள் கோடை மழை கொட்டும். மறுநாள் காலை மலை திரும்ப அங்கே இருக்கும், மரம் மரமாக எண்ணிவிடலாம்போல அவ்வளவு கிட்டத்தில். அன்றைக்கு நான் திட்டியதெல்லாம் மறந்துபோகிறது என்பதுதான் எனக்கு இந்த ஊர்மேல் உள்ள மிகப் பெரிய குறை. கோபத்தை ஒரு முழு ஆண்டு வைத்துக்கொள்ளவே விடமாட்டேன் என்கிறது. 2024இல் பிங் ஆறு பெருகி ஊருக்குள் வெள்ளம் வந்தபோதும் இதே கதைதான், வடிந்த வாரமே பாதைக்குப் போய்விட்டேன்.

நண்பருக்கு நேரடியாகச் சொல்வது: வீவக வீட்டை விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். மருத்துவச் செலவையும் யோசியுங்கள், சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் பணம் இங்கே உள்ள மருத்துவமனைகளில் செல்லாது. இருவரில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். பார்த்து முடிவு செய்ய வேண்டுமென்றால் நவம்பரில் வராதீர்கள், நவம்பரில் யாருக்கும் எந்த ஊரையும் பிடிக்கும். மார்ச்சில் வந்து மூன்று வாரம் தங்குங்கள். அப்போதும் பிடித்திருந்தால் நீங்கள் என் மனைவி ரகம், தாராளமாக வரலாம்.

மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் முருங்கைக்காய்க்கு. யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விசா நீட்டிப்பு இந்த மாதமே வருகிறது, நாளை காலை வங்கியில் கடிதம் வாங்கிக்கொண்டு குடிநுழைவு அலுவலகத்தில் வரிசைக்கு நிற்க வேண்டும். சீக்கிரம் போனால்தான் டோக்கன் கிடைக்கும்.