எக்ஸ்ஆர்பி மைனிங் பேக்கேஜ் என்று வந்தால் ஒரு காயின்கூட அனுப்பாதீர்கள்

எக்ஸ்ஆர்பி (XRP) என்ற கிரிப்டோ காயினில் 430-ஐ நான் இழந்துவிட்டேன். அதே ஆட்கள் இன்னும் வலை விரித்தபடி இருப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

ஒரு டெலிகிராம் குழுவில் ஆப் லிங்க் வந்தது. 400 எக்ஸ்ஆர்பி கட்டினால் 'கிளவுட் மைனிங்' (எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்களை நமக்காக ஓட்டிப் புதுக் காயின் எடுப்பது) மூலம் தினமும் காயின் சேருமாம். பிட்காயினுக்கு மைனிங் உண்டு என்று தெரியும், இதற்கும் இருக்கும் என்று நம்பிவிட்டேன். ஆப்பைத் திறந்தால் எண் ஓடிக்கொண்டே இருக்கும். புள்ளிக்குப் பின்னால் எட்டு இலக்கம், கடைசி இலக்கம் நொடிக்கு நொடி மாறும். தூங்கப் போகும் முன் தினமும் அதைப் பார்ப்பேன்.

சேர்ந்த காயினை எடுக்கப் போனபோது 'நெட்வொர்க் கட்டணம்' என்று 30 எக்ஸ்ஆர்பி கேட்டார்கள். அனுப்பினேன். அடுத்து 'சரிபார்ப்புக் கட்டணம்' 100. அப்போதுதான் சந்தேகம் வந்து, இந்தக் காயின் எப்படி இயங்குகிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

2009-இல் வந்த பிட்காயினில் புதுக் காயின் மைனிங்கில்தான் பிறக்கிறது. சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிமாற்றங்களின் தொகுப்பு), மொத்தம் 2.1 கோடிக்கு மேல் போகாது. 2011-இல் வந்த லைட்காயினும் மைனிங்தான். 2012-இல் தொடங்கிய எக்ஸ்ஆர்பியில் அந்த ஏற்பாடே கிடையாது. 10,000 கோடி காயினையும் ஆரம்பத்திலேயே உருவாக்கிவிட்டார்கள். பரிமாற்றங்களைச் சரிபார்க்கும் வேலிடேட்டர் சர்வர்கள் தங்களுக்குள் ஒத்துப்போய் 3 முதல் 5 நொடிக்குள் பரிமாற்றத்தை முடித்துவிடும். அதற்காக அவற்றுக்குப் புதுக் காயின் எதுவும் கிடைக்காது. அப்படியிருக்க எதை மைனிங் செய்து எனக்குத் தந்திருப்பார்கள்?

உண்மையான நெட்வொர்க் கட்டணம் வழக்கமாக 0.00001 எக்ஸ்ஆர்பி, நெரிசலில் கொஞ்சம் ஏறும். அனுப்பும்போதே தானாகக் கழிந்து அழிந்துவிடும், யார் கைக்கும் போகாது. தனியாக அனுப்பச் சொன்னால் அது திருட்டேதான். இன்னொன்று, ஒரு எக்ஸ்ஆர்பியை ஆறு தசம இலக்கம் வரைதான் பிரிக்க முடியும். நான் ராத்திரி ராத்திரி பார்த்துக்கொண்டிருந்த எட்டு இலக்கம் எக்ஸ்ஆர்பியின் லெட்ஜரில் (எல்லாப் பரிமாற்றமும் பதிவாகும் பொதுக் கணக்கேடு) இருக்கவே முடியாது.

லெட்ஜரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர்கள் தந்த முகவரியை, லெட்ஜரைத் தேடிப் பார்க்க உதவும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் போட்டேன். என் 400 வந்து சில நிமிடங்களிலேயே வேறு முகவரிக்குப் போயிருந்தது. அதற்குக் கீழே 400, 400, 400 என்று வரிசையாக மற்றவர்கள் அனுப்பியவை. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. உறுதியான பரிமாற்றத்தை யாராலும் திருப்ப முடியாது.

போன வாரம் அதே குழுவில் 'ஸ்டெல்லார் மைனிங் பேக்கேஜ்' வந்திருக்கிறது. ஸ்டெல்லார் என்ற அந்த இன்னொரு கிரிப்டோவுக்கும் மைனிங் கிடையாது.