கோர்ட் தீர்ப்பு ஃப்ரீயாவே படிக்கலாம்: ஈ-லிட்டிகேஷன் சைட் எப்படி?

லாயருக்குக் காசு கட்டினாதான் தீர்ப்பு கண்ணுல படும்னு நம்மாளுங்க நிறைய பேர் இன்னும் நினைக்கிறாங்க. அப்படி இல்லவே இல்ல. சிங்கப்பூர் கோர்ட்டோட ஈ-லிட்டிகேஷன் சைட்ல ஜட்ஜ்மென்ட்ஸ் பக்கம் போங்க, சிங்பாஸ் லாகின் கூட கேக்காது, யாரு வேணா தேடலாம், பிடிஎஃப்பா இறக்கி வச்சிக்கலாம். இந்த ஒரு விஷயத்துக்கே நான் ஃபுல் மார்க் குடுப்பேன்.

பேர் போட்டும் தேடலாம், தீர்ப்பு நம்பர் போட்டும் தேடலாம். 2007 எஸ்ஜிசிஏ 37னு அடிச்சுப் பாருங்க, ஸ்பான்டெக் கேஸ் வரும், கட்டட வேலை செஞ்ச கான்ட்ராக்டர் தன் வேலைய மேற்பார்வை பாத்த தரப்பு கொறச்சு மதிப்பு போட்டுட்டாங்கன்னு வழக்கு போட்டு தோத்த கதை, கவனக்குறைவு வழக்குன்னாலே இங்க லாயருங்க இதத்தான் மொதல்ல எடுப்பாங்க. எஸ்ஜிசிஏன்னா அப்பீல் கோர்ட், எஸ்ஜிஎச்சின்னா ஹைகோர்ட், எஸ்ஜிடிசின்னா டிஸ்ட்ரிக்ட் கோர்ட். ஒவ்வொரு பாராவுக்கும் நம்பர் இருக்கும், அதனால நீளத்தப் பாத்து பயப்படாதீங்க, முன்னுரையும் நடந்தது என்னங்கிற பகுதியும் கடைசி முடிவும் படிச்சாலே பாதி புரிஞ்சிரும். ஹைகோர்ட் தீர்ப்பு படிச்சீங்கன்னா அதே பேர மறுபடி தேடுங்க, அப்பீல்ல மாறியிருந்தாலும் மாறியிருக்கும்.

ரெனொவேஷனுக்கு டெபாசிட் குடுக்கறதுக்கு முன்னாடி கம்பெனி பேர இதுல தேடுங்கன்னு என் சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு, பேர் வரலன்னா அவன் சுத்தம்னு அர்த்தம் இல்ல! இங்க இருக்கறது எழுதி வெளியிட்ட தீர்ப்பு மட்டும்தான், வெளியில பேசி முடிச்ச கேஸுக்குத் தீர்ப்பே இருக்காது, சின்னத் தொகை சண்டைங்களப் பாக்கற ஸ்மால் க்ளெய்ம்ஸ்ல 20,000 வெள்ளி வரைக்கும், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா 30,000 வரைக்கும் போற சண்டைங்க மூடின ரூம்லதான் நடக்குது, நம்ம மாதிரி ஆளுங்க ஏமாந்த கேஸ் பெரும்பாலும் அங்கதான் இருக்கும். டைவர்ஸ் மாதிரி குடும்ப கேஸ்ல பேருக்குப் பதிலா மூணு எழுத்துதான் போடுவாங்க, அது சரியான முடிவு, புள்ளைங்க பேர் வெளிய வரக்கூடாது.

தீர்ப்பத் தவிர அஃபிடவிட் (சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கற வாக்குமூலம்) மாதிரி ஃபைல்ல இருக்கற பேப்பர் வேணும்னா கத வேற. கேஸ்ல நீங்க ஒரு தரப்பு இல்லன்னா எதுக்குன்னு காரணம் சொல்லி கோர்ட்கிட்ட அனுமதி கேக்கணும், ஃபீஸும் கட்டணும்.

எனக்கு இருக்கற பெரிய மனக்குறை மொழிதான். தீர்ப்பு எல்லாம் இங்கிலீஷ், தமிழும் இந்த நாட்டோட அதிகாரபூர்வ மொழிதானே, முக்கியமான தீர்ப்புக்காவது ஒரு பக்கம் தமிழ்ல சுருக்கம் போட்டா எங்கம்மா மாதிரி ஆளுங்க பக்கத்துல யாரும் இல்லாமலே படிச்சுக்குவாங்க.

நடக்கற கேஸ் பாக்கணும்னா கோர்ட் சைட்லயே ஹியரிங் லிஸ்ட் இருக்கு, ஓப்பன் கோர்ட்னா யாரு வேணா போய் உக்காரலாம், உள்ள போட்டோ வீடியோ மட்டும் எடுத்துராதீங்க.