மாறுமா, மாற்றலாமா? குழப்பும் சில ஆங்கிலச் சொற்கள்

நண்பரின் தம்பி, வேலைக்கு அனுப்ப எழுதிய பயோடேட்டாவைத் திருத்தித் தரச் சொன்னார். மூன்றாவது வரியில் தன்னை ‘அட்ஜஸ்டபிள் பெர்சன்’ என்று எழுதியிருந்தார். எங்கே போட்டாலும் சமாளிப்பேன் என்று சொல்ல வந்திருக்கிறார், அது புரிகிறது. ஆனால் ஆங்கிலத்தில் புழங்குகிறவர் அதைப் படித்தால், முதுகில் திருகாணி வைத்த ஓர் ஆள்தான் கண்முன் நிற்பார். நாற்காலியின் உயரம் அட்ஜஸ்டபிள். பெல்ட்டும் ஸ்பேனரும் அட்ஜஸ்டபிள். மனிதர்களை அப்படிச் சொல்வதில்லை.

தவறு அவர்மேல் இல்லை. நாம் பேசும்போது ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்றால் விட்டுக்கொடுங்கள் என்று பொருள். ஆங்கிலத்திலும் ஒருவர் புது இடத்துக்கு அட்ஜஸ்ட் ஆகலாம். ஆனால் அதோடு ‘ஏபிள்’ ஒட்டிக்கொண்டதும், வெளியிலிருந்து யாரோ ஒருவரின் கை நுழைந்துவிடுகிறது.

இந்தக் கூட்டத்துச் சொற்களைப் பிரித்துப் பார்க்க, பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை போதும். மாறும், மாற்றலாம். திருந்தும், திருத்தலாம். தமிழில் ஒரு மெய்யெழுத்து கூடினாலோ மாறினாலோ செய்வது யார் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தின் ‘ஏபிள்’ அதைச் சொல்லாமல் மூடி வைக்கிறது. அகராதிகளும் எல்லாவற்றுக்கும் ‘மாற்றத்தக்க’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

அட்ஜஸ்டபிள் முழுக்க ‘மாற்றலாம்’ ரகம். அதுவும் செய்தவர் வைத்த எல்லைக்குள்தான். நாற்காலி இந்த உயரத்திலிருந்து அந்த உயரம் வரை போகும், அதற்குமேல் கிடையாது. அடாப்டபிள் பெரும்பாலும் ‘மாறும்’. அதன் வேரான லத்தீன் ஆப்டுஸ், ‘பொருத்தமான’ என்ற பொருள் கொண்டது. அதனால் சூழல் ஒன்று இருந்து, அதற்குப் பொருந்தும்படி தன்னை மாற்றிக்கொண்டால்தான் இந்தச் சொல் சரிவரும். (ஒரு நாவலைப் படமாக்க அடாப்டபிள் என்கிறார்களே என்றால், ஆமாம், அங்கே மட்டும் வேறொருவர் கை வைக்கிறார்.) வானிலையும்தான் மாறுகிறது, ஆனால் எதற்கும் பொருந்துவதற்காக அல்ல. அதனால் அது சேஞ்சபிள். ஒரு மனிதரை அடாப்டபிள் என்றால் பாராட்டு, சேஞ்சபிள் என்றால் புகார்.

ஃப்ளெக்ஸிபிள் இரண்டு பக்கமும் நிற்கும். லத்தீனில் ஃப்ளெக்டரே என்றால் வளைத்தல். நம் ‘வளை’யும் அப்படித்தான்: கம்பி வளைந்தது, கம்பியை வளைத்தான். இரண்டுக்கும் ஒரே பகுதி. ஒரு விதி ஃப்ளெக்ஸிபிள் என்று யாராவது சொன்னால், அது தானாக வளையுமா, நாம் வளைக்கலாமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வளைத்த கை போன பிறகு என்ன ஆகிறது என்பது அடுத்த கேள்வி. ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து தாளைச் செருகும்போது கொஞ்சம் விரியும், தாளை உருவினால் பழையபடி ஒட்டிக்கொள்ளும். அது எலாஸ்டிக். அதே கிளிப்பை நகத்தால் நெம்பி நீட்டிவிட்டால் நீட்டினபடியே கிடக்கும். அது பிளாஸ்டிக். கிளிப் கம்பியால் ஆனதாயிற்றே என்று தோன்றலாம். பிளாஸ்டிக் என்பது முதலில் ஒரு குணத்தின் பெயர். பிசைந்து உருவாக்குவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. லியோ பேக்லாண்ட் 1907-ல் பேக்கலைட் என்ற செயற்கைப் பிளாஸ்டிக்கை உருவாக்குவதற்கு வெகுகாலம் முன்பே ஆங்கிலத்தில் புழங்கிய உரிச்சொல் அது. மூளை தன்னை மாற்றி அமைத்துக்கொள்வதை மூளையின் பிளாஸ்டிசிட்டி என்று மருத்துவர்கள் சொல்வது இந்தப் பழைய பொருளில்தான். மாலியபிள் இதன் உறவுக்காரர், சுத்தியலால் அடித்துத் தகடாக்கலாம் என்று பொருள். வேர்ச்சொல் மாலியுஸ் என்றால் சுத்தியலேதான். காதுக்குள் இருக்கும் ஒரு சிற்றெலும்புக்கும் அதே பெயர். மனிதருக்குச் சொன்னால் அவ்வளவு மரியாதை இல்லை.

வெர்சடைல் இந்த வரிசையில் நுழைந்ததே ஒரு ஏமாற்று. வெர்சடைலான கத்தி எதுவும் மாறுவதில்லை, கத்தி கத்தியாகவே இருக்கிறது. அதன் வேலைகள்தான் கூடுகின்றன. லத்தீன் வேருக்குத் திரும்புதல், திருப்புதல் என்று பொருள். பிரெஞ்சில் இதே சொல் இன்றும் நிலையில்லாதவரைத்தான் குறிக்கும். பிரெஞ்சுக்காரரிடம் பாராட்டாகச் சொல்லிவிடாதீர்கள்.

மென்பொருள்காரர்கள் கன்ஃபிகரபிள், கஸ்டமைசபிள் இரண்டையும் கலந்தடிப்பார்கள், அதுவும் விற்கிற நேரத்தில். முதலாவதில், செய்தவர் ஏற்கெனவே வைத்திருக்கும் அமைப்புகளில் நமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கிறோம். இரண்டாவதில் நமக்கென்று புதிதாக ஏதாவது எழுத வேண்டியிருக்கும், அதற்கு ஆளும் காசும் தேவை. ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

மியூட்டபிள், அதாவது இருக்கும் இடத்திலேயே மாற்றக்கூடியது என்ற சொல்லை நிரலாளர்கள் கறாராக வைத்திருக்கிறார்கள். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு லிஸ்ட்டின் (பட்டியலின்) நடுவில் உள்ள உறுப்பை அங்கேயே மாற்றலாம். எழுத்துகளின் கோவையான ஸ்ட்ரிங்கில் அது நடக்காது. எழுத்துகளைப் பெரிய எழுத்தாக்கச் சொன்னால் புதிதாக ஒரு ஸ்ட்ரிங் வரும், பழையது அப்படியே இருக்கும். மாறியது போலத் தெரியும், மாறியிருக்காது.

அமெண்டபிள், அமீனபிள் இரண்டும் ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஆளைக் கவிழ்க்கும். சட்டம், தீர்மானம் எல்லாம் அமெண்டபிள், திருத்தலாம். சொன்னால் கேட்டுக்கொள்ளும் மனிதர் அமீனபிள். அந்தத் தம்பி இதையும் நாலாவது வரியில் மாற்றித்தான் போட்டிருந்தார்.

மூன்றாவது வரியில் அடாப்டபிள் என்று திருத்திக் கொடுத்தேன். “ஏன் அண்ணா, ஃப்ளெக்ஸிபிள் இன்னும் நல்லா இருக்குமே?” என்றார்.

“போடலாம். ராத்திரி ஷிஃப்ட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வருவேன்னு எடுத்துக்குவாங்க, பரவாயில்லையா?”

“அய்யோ, அடாப்டபிளே இருக்கட்டும் அண்ணா.”