எங்கள் வட்டார நன்னடத்தைக் கண்காணிப்பு: ஐந்துக்கு மூன்று

யாரும் விரும்பிப் போய்ச் சேராத சேவை இது: குற்றம் செய்தவரை அடைத்துவைக்காமல், வீட்டிலேயே இருக்கவிட்டு அதிகாரி ஒருவர் கண்காணிப்பது. நீதிமன்றம் கைகாட்டினால்தான் இடம் கிடைக்கும். பணம் கட்ட வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. இதற்கெல்லாம் விமர்சனம் எழுதுவார்களா என்று நண்பர் ஒருவர் சிரித்தார். வாழையிலைச் சோற்றுக் கடைக்கு எழுதுகிறோம், டயர் கடைக்கு எழுதுகிறோம். ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டுகளைக் கையில் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு எழுதினால் என்ன?

ஊர் பெயரைத் தேடாதீர்கள். வழக்கில் சிக்கிய சிறாரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது என்று மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் சொல்கிறது. எங்கள் ஊரில் ஒரு பெயரை உச்சரித்தால் பொழுது சாய்வதற்குள் எல்லா லயத்துக்கும், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கும், செய்தி போய்விடும். ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, நான்கு பக்கமும் செம்பனை. மலேசியாவில் இப்படி எத்தனையோ ஊர்கள் உண்டு, அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். தங்கை மகளின் மகன், 16 வயது, செம்பனைக் குலை திருட்டில் மாட்டிக்கொண்டான். திட்டம் போட்டவர்கள் இரண்டு பெரியவர்கள், அவர்கள் ஓடிவிட்டார்கள். குலையைத் தூக்கி வேனில் போட்டவன் இவன். அதுவும் எந்தத் தோட்டத்தில்? அவன் அம்மா உரம் போடுகிற அதே தோட்டத்தில். மறுநாள் காலை பெரட்டில், எல்லாரையும் பெயர் கூப்பிடும் இடத்தில், என் மருமகள் (அந்தத் தங்கை மகள்தான்) எப்படி நின்றிருப்பாள் என்று நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அது இருக்கட்டும், சேவைக்கு வருகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சேவையில் மிகச் சிறந்த பகுதி, தீர்ப்புக்கு முன்னால் எழுதப்படும் அறிக்கை. சிறார் நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானதும் மாஜிஸ்திரேட் உடனே தண்டனையை அறிவித்துவிட முடியாது. நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். பிள்ளையின் பொதுவான நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, மருத்துவ வரலாறு என அதில் இருக்க வேண்டியவற்றையும் சட்டமே வகுத்துவைத்திருக்கிறது. தொலைபேசியில் நான்கு கேள்வி கேட்டு நிரப்பிவிடுவார்கள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். நான் பார்த்த அரசாங்க பாரங்கள் அப்படி.

அதிகாரி நேரில் வந்தார். சமூக நல இலாகாவைச் சேர்ந்த மலாய்ப் பெண்மணி. செருப்பைக் கழற்ற வேண்டாம் என்றோம், கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். என்னை அங்கிள் என்றும் மருமகளைக் காக் (அக்கா) என்றும் அழைத்தார். பையன் ஏன் திருடினான் என்று அவர் கேட்கவே இல்லை. எங்கே படுக்கிறான், படிக்க மேசை இருக்கிறதா, இரவு எட்டு மணிக்கு வீட்டில் யார் யார் இருப்பீர்கள், கைப்பேசிக்கு யார் பணம் போடுகிறார்கள் என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. அவர் அதையும் எழுதிக்கொண்டார். எங்களிடம் விடைபெற்றவர் நேராகக் காரில் ஏறவில்லை; பக்கத்து வீட்டுத் தண்டலின் (தோட்ட வேலையை மேற்பார்ப்பவர்) மனைவியிடம் பேசப் போனார். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கட்டொழுங்கு ஆசிரியரையும் பார்த்திருக்கிறார். பையனின் அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வந்தால் உண்டு. அந்த வெற்றிடத்துக்குள் யார் நுழைந்தார்கள் என்பதை எங்களுக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

நீதிமன்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூடிய அறை, பார்வையாளர் கிடையாது. மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். மலாக்காவில் தெலுக் மாஸில் இருக்கும் ஹென்ரி கர்னி பள்ளி, குற்றம் செய்த சிறாரை அடைத்துவைக்கும் இடம். அதன் பெயரைக் கேட்டாலே எங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்கு வயிறு கலங்கும். என் மருமகள் அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நன்னடத்தை ஆணையை ஓராண்டுக்குக் குறையாமலும் மூன்றாண்டுக்கு மேற்படாமலும் விதிக்கலாம். இவனுக்கு இரண்டு ஆண்டு. ஆணையை மீறினால் பழைய குற்றத்துக்கே மறுபடி தண்டனை பெற நேரிடும் என்று மாஜிஸ்திரேட் அவனுக்குப் புரியும் பேச்சில் விளக்கினார். அம்மாவிடமும் பிணைப் பத்திரம் வாங்கினார்கள். பையனைக் கூட்டிக்கொண்டு குறித்த தேதிகளில் இலாகாவில் தலைகாட்ட வேண்டும், பெற்றோருக்கான பட்டறைக்குப் போக வேண்டும், மாதம் ஒருமுறை பள்ளியில் ஆசிரியரைப் பார்க்க வேண்டும். இவை அவளுக்கான நிபந்தனைகள்.

இங்கிருந்துதான் நட்சத்திரங்கள் குறையத் தொடங்குகின்றன.

அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரை, வேலை நேரத்தில் மட்டும். தோட்டத்திலிருந்து பஸ் கிடையாது. என்னுடைய பழைய கஞ்சில் கார் இல்லாவிட்டால் அம்மாவும் பிள்ளையும் வாடகைக் காருக்குத்தான் கொடுத்து அழ வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). வாரம் ஆறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. கையெழுத்துப் போடப் போகும் ஒவ்வொரு முறையும் அவள் இழப்பது அந்தத் தொகை. பையன் இழப்பது ஒரு பள்ளி நாள். ஒழுங்காகப் பள்ளிக்குப் போகச் சொல்லும் அலுவலகம் பள்ளி நேரத்தில் வரச் சொல்வதை யாராவது எனக்கு விளக்கினால் நன்றாக இருக்கும்.

முகப்பில் எண் சீட்டு எடுக்க வேண்டும். முதியோர் உதவித்தொகை, மாற்றுத்திறனாளி அட்டை என்று எல்லாரும் அமரும் அதே நாற்காலிகள். ஒருவகையில் அது நல்லதுதான், குற்றவாளிகளின் வரிசை என்று தனியாக ஒன்று இல்லை. எங்கள் முறை வந்ததும் பதிவேட்டில் கையெழுத்து, நலமா என்று ஒரு கேள்வி, அடுத்த தேதி. அவ்வளவுதான்.

பல ஆண்டுகள் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோல் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆள் வந்தான் என்பதைத்தான் செக்ரோல் காட்டும். வேலை செய்தானா என்பது தண்டல் காட்டுக்குள் நடந்து பார்த்தால்தான் தெரியும். கண்காணிப்பும் அப்படியே. கையெழுத்தை மட்டும் நம்பினால், மாதத்தில் ஒரு நாள் ஒழுங்காகவும் மற்ற நாளெல்லாம் இஷ்டம்போலவும் இருக்கப் பையன்கள் கற்றுக்கொள்வார்கள்.

முதல் அதிகாரிக்கு இது தெரிந்திருந்தது. ஒருமுறை பையன் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுக் குறித்த தேதியில் போகவில்லை. அன்று மாலைக்குள் தொலைபேசி வந்தது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. ஆணையின் நகலை எடுத்து, எந்த வரியை அவன் மீறினான் என்று விரலால் காட்டினார். அடுத்தமுறை இதை நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியிருக்கும் என்றார். எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. மலாயில் இருந்ததால் மருமகளுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். அதன் பிறகு அந்தப் பெண்மணியின் கார் எந்த நாளில் வரும் என்று தெரியாததாலேயே எட்டு மணிக்கு மேல் பையன் வெளியே போவதை விட்டான். மூன்று நட்சத்திரங்களும் அவருக்காகப் போட்டவை.

பிறகு அவருக்கு மாற்றல் ஆனது. கோப்பு அலமாரியில் இருந்தது, கோப்புக்கு ஆள்தான் இல்லை. புதியவர் வந்தபோது பையன் என்ன குற்றத்துக்காக ஆணையில் இருக்கிறான் என்று எங்களிடமே கேட்டார். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசுகிறார், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வருவது நின்றது. புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி வரும், கட்டைவிரல் படம் அனுப்பினால் போதும். ஏன் வருவதில்லை என்று கேட்டேன். "கேஸ் அதிகம், அங்கிள்" என்றார். பையனைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்கிறான்: "அந்தப் புவான் (அம்மணி) வந்தால் பயமாக இருக்கும் தாத்தா. இந்த அண்ணன் வருவதே இல்லை, அதனால் பயமும் இல்லை." பொறுப்பு ஒப்படைக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து ஒருமுறை வீட்டுக்கு வந்து போயிருந்தால் போதும். தோட்டத்தில் ஒரு தண்டல் விலகி இன்னொருவர் வந்தாலும் நாங்கள் அதைத்தானே செய்தோம்?

பெற்றோர் பட்டறை பற்றிச் சுருக்கமாக: மண்டபம் குளிரூட்டப்பட்டது, மீகூன் நன்றாக இருந்தது, பேச்சு முழுவதும் மலாய். என் மருமகளுக்குச் சந்தையில் மீன் வாங்கும் மலாய் உண்டு. பதின்ம வயதினரின் மனநிலையைப் புரிந்துகொள்ளும் மலாய் இல்லை. நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார், இங்கே கிடைக்கவில்லை. வந்தவர்களில் அநேகமாக எல்லாரும் தாய்மார்கள். அப்பாக்களை எந்தச் சட்டத்தில் பிடிப்பது என்று தெரியவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு: 18 நிரம்பி 21 ஆகாதவர்களுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆவது பிரிவில் சமூகச் சேவை ஆணை உண்டு, மொத்தம் 240 மணி நேரத்துக்கு மேற்படக்கூடாது. அதையும் சமூக நல இலாகாவே கவனிக்கிறது. எங்கள் வரிசையில் ஒரு பையன் முதியோர் இல்லத்தில் அந்த மணி நேரங்களைக் கழித்தான். எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி என்று அவனுக்கே கணக்குத் தெரியும். வேலையும் கண்ணுக்குத் தெரியும். எனக்கு அது பிடித்திருந்தது. சிறு குற்றம் செய்த பெரியவர்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாய வருகை ஆணை. நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மிகாமல், மூன்று மாதத்துக்கு மேற்படாமல் மையத்தில் வேலை செய்ய வேண்டும். அதை நடத்துவது சிறைச்சாலை இலாகா. காலையில் குலை வெட்டிவிட்டு மதியம் போய்வர முடிவதால் குடும்பத்தின் சம்பளம் நிற்பதில்லை.

ஆக, ஒரே மாதிரியான வேலை இங்கே இரண்டு இலாகாக்களில் சிதறிக் கிடக்கிறது. கலிபோர்னியாவில் கவுண்டி எனப்படும் வட்டாரம் ஒவ்வொன்றும் இதற்கென்றே ஒரு துறையை வைத்திருக்கிறது; பெரும்பாலான இடங்களில் பெரியவர், சிறார் இரு தரப்பையும் அதே துறைதான் கண்காணிக்கிறது. அதற்காக அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பு என்ற ஏற்பாட்டையே தொடங்கிவைத்தவர் ஜான் அகஸ்டஸ் என்கிற பாஸ்டன் நகரத்துச் செருப்புத் தொழிலாளி. 1841இல் நீதிமன்றத்தில் நின்ற ஒரு குடிகாரரைத் தன் பொறுப்பில் பிணையெடுத்து, மூன்று வாரம் கழித்துத் திருந்திய ஆளாகக் கூட்டிவந்து நிறுத்தினார். அவரிடம் எண் சீட்டும் இல்லை, புலனமும் இல்லை. ஆளோடு இருந்தார்.

போக நேர்ந்தவர்களுக்குச் சில குறிப்புகள். ஆணையின் நகலை அதிகாரியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிபந்தனைகளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போன தேதி, சந்தித்த அதிகாரியின் பெயர் இரண்டையும் ஒரு நோட்டில் குறியுங்கள், அதிகாரி மாறினால் அந்த நோட்டுதான் உங்கள் கோப்பு. வர முடியாவிட்டால் தேதிக்கு முன்பே சொல்லுங்கள், பின்பு சொன்னால் அது சாக்கு. அறிக்கைக்காக வருபவரிடம் வீட்டுக் குறையை மறைக்காதீர்கள். எங்கள் வீட்டில் மறைக்காததால்தான் பையன் இன்று வீட்டில் இருக்கிறான்.

பள்ளி விடுமுறை நாட்களிலோ தோட்டத்துக்கு அருகில் உள்ள காவல் நிலையத்திலோ தலைகாட்ட அனுமதிக்க வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இலாகா அல்லது காவல் நிலையம் என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பதில் வந்தால் நட்சத்திரத்தைத் திருத்துகிறேன்.